விழும் சத்தங்கள்: 'பிளாப்', 'தட்', 'ஸ்பிளாட்' தமிழில் எப்படி?

மாம்பலம் வாசகி:
ஞாயிறுதோறும் எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படக்கதைகளைத் தமிழில் சொல்கிறேன். எதுவாவது விழுந்தால் போதும், திணறிவிடுகிறேன். போன வாரம் தவளை குளத்தில் 'பிளாப்', மூட்டை தரையில் 'தட்', தக்காளி சுவரில் 'ஸ்பிளாட்'. மூன்றுக்கும் 'தொப்பென்று' என்றே சொன்னேன். யு.கே.ஜி. படிக்கும் ஒருத்தி, "தக்காளி அப்படி விழாது ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அகராதியில் 'மந்தமான ஓசை' என்று இருக்கிறது; அதை வைத்துக் கதை சொல்ல முடியுமா? 'கெர்பிளங்க்' என்றும் ஒன்று வருகிறது. அந்தக் 'கெர்' எதற்கு?

பெரம்பூர் பிழைதிருத்துநர்:
எது விழுகிறது, எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள் அம்மா. சிறிய பொருள் அதிகம் தெறிக்காமல் தண்ணீருக்குள் போவது 'பிளாப்'. எங்கள் பழைய வீட்டுக் கிணற்றில் மாவடு உதிர்ந்தால் 'தொபுக்' என்று கேட்கும். உறைகளில் மோதி அதே சத்தம் மேலே ஏறி வரும். தவளைக்கு அதைக் கொடுங்கள். கனமான மூட்டைக்குத் 'தொம்'. தக்காளிக்குச் 'சொத்', சந்தேகமே வேண்டாம். ஈரமும் நசுங்கலும் அதில்தான் இருக்கின்றன.

அண்ணாநகர் ஆசிரியை:
'கெர்' என்பதற்குத் தனிப்பொருள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கில், விழுகையின் வேகத்தைக் கூட்டிக் காட்ட முன்னால் ஒட்டிக்கொண்டது. 1967இல் 'கெர்பிளங்க்' என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டுச் சாமான் வந்தது. குச்சிகளை உருவ உருவ, மேலே நிற்கும் கோலிகள் கீழே கொட்டும். அவர்கள் தலையில் சேர்ப்பதை நாம் வாலில் சேர்க்கிறோம்: 'தொபுக்', 'தொபுக்கடீர்'.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'தட்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும். நமக்கு 'என்று' வேண்டும், கூடவே 'விழுந்தது' வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்தால் வாக்கியம் நொண்டும்.

பெரம்பூர் பிழைதிருத்துநர்:
உண்மை. உரிச்சொல் 'இசையினும் குறிப்பினும் பண்பினும்' தோன்றும் என்கிறது தொல்காப்பியம். ஓசைக்கு அங்கேயே இடம் கொடுத்துவிட்டார்கள். நேற்று பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகைமேல் தென்னைமட்டை விழுந்தது. முதலில் சரசரவென்று இறங்கியது, பிறகு தடாரென்று ஒரே அடி. கதையில் அந்த இரண்டையும் சொல்லுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மாம்பலம் வாசகி:
நன்றி ஐயா, நன்றி டீச்சர். இந்த ஞாயிறு ஒரு வாளித் தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தலையணை, இரண்டு அழுகிய தக்காளி எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறேன். பிள்ளைகளே போட்டுப் பார்த்துப் பெயர் வைக்கட்டும்.