தொலைக்கட்டளை 'முடிந்தது' என மாறவேயில்லை: ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏ.பி.ஐ. குறித்து உதவி தேவை

வினா (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவங்களில் (கொழுந்தை நிறுக்கும் கொட்டகைகளில்) எடையைப் பதிவதற்காகக் கணக்கப்பிள்ளைமாரிடம் ஆண்ட்ராய்டு டேப்கள் கொடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கூகுளின் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏ.பி.ஐ. (சாதனங்களைத் தொலைவிலிருந்து நிரல் மூலம் நிர்வகிக்க உதவும் இடைமுகம்) வழியாக நான் நிர்வகிக்கிறேன். பதிவுச் செயலி அசையாமல் நின்றுவிடும்போது 'ரீபூட்' (மீளத் தொடங்கு) கட்டளை அனுப்பினால், 200 என்ற பதிலும், அந்தக் கட்டளையின் நிலையைப் பின்தொடர உதவும் ஓர் 'ஆபரேஷன்' பெயரும் உடனே கிடைக்கின்றன. அந்தப் பெயரைக் கொண்டு சில விநாடிகளுக்கு ஒருமுறை நிலையைக் கேட்கும் சிறு நிரலும் எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் டேப்களுக்கு 'டன்' (done, முடிந்தது) என்ற புலம் விரைவில் 'ட்ரூ' (ஆம்) ஆகிவிடுகிறது. ஆனால் மேல் டிவிஷன் மடுவத்தில் இருப்பவற்றுக்கு அது மாறுவதே இல்லை. மாலையில் அந்த டேப் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த பிறகும் மீளத் தொடங்குவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நிறுவை நேரத்தில் தொழிலாளர்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருடைய கிலோ பதிவாகாமல் போனால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடக்கூடும் என்பதால், இதை அவசரமாகத் தீர்க்க விரும்புகிறேன். அனுபவம் உள்ள அண்ணாமார், அக்காமார் உதவ வேண்டும்.

மறுமொழி (பண்டாரவளை)

தம்பி, உங்கள் நிரலில் தவறு இல்லை. கட்டளைக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. இந்த ஏ.பி.ஐ.யில் ஒரு கட்டளையை அனுப்பும்போது 'டியூரேஷன்' என்ற புலத்தை நிரப்பாமல் விட்டால், அது 10 நிமிடங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதற்குள் சாதனம் அதை நிறைவேற்றாவிட்டால் கட்டளை காலாவதியாகிவிடும். காலையில் அனுப்பிய கட்டளை மாலையில் டேபைத் தேடி வராததற்குக் காரணம் இதுவே. அந்தப் புலத்துக்கு உச்சவரம்பு கிடையாது. மதிப்பை விநாடிகளில் எழுதி இறுதியில் 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஆறு மணித்தியாலம் வேண்டுமானால் 21600 என்று வரும்.

ஆயினும், எல்லாக் கட்டளைகளுக்கும் நீண்ட ஆயுள் கொடுப்பதை நான் விரும்பமாட்டேன். காலையில் அனுப்பிய 'ரீபூட்', அந்திக் கொழுந்தை நிறுக்கும் நேரத்தில் வந்து சேர்ந்து, பதிவின் நடுவில் டேபை அணைத்துவிட்டால், நீங்கள் தவிர்க்க நினைத்த இழப்பை நீங்களே உண்டாக்கியவராவீர்கள். நிறுவை தொடங்கும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்படி ஆயுளைக் கணக்கிடுங்கள். 'ரீபூட்' கட்டளை, முழுமையாக நிர்வகிக்கப்படும், ஆண்ட்ராய்டு 7.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புள்ள சாதனங்களில் மட்டுமே இயங்கும் என்பதையும் கவனியுங்கள்.

200 என்ற பதில், கூகுளின் சேவையகம் கட்டளையைப் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. டேப் அதைப் பார்த்ததா என்பது அதில் இல்லை. 'டன்' ட்ரூ ஆனாலும் வெற்றி என்று முடிவுகட்டாமல், 'எரர்' புலம் நிரம்பியிருக்கிறதா என்றும், 'மெட்டாடேட்டா' என்ற கூடுதல் தகவல் பகுதிக்குள் இருக்கும் கட்டளையில் பிழைக்குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி (ஹட்டன்)

மேலே சொன்னது சரி. ஓயாமல் நிலையைக் கேட்பதற்குப் பதிலாக, நிறுவனப் பதிவில் 'பப்சப்' (கூகுளின் செய்தி அனுப்பும் சேவை) தலைப்பொன்றை இணைத்து, அறிவிப்பு வகைகளில் 'கமாண்ட்' என்பதை இயக்கிவிட்டால், கட்டளை முடிந்ததும் செய்தி தானாக வரும். அந்தத் தலைப்பில் வெளியிடும் உரிமையைக் கூகுளின் சேவைக் கணக்குக்குக் கொடுக்க மறக்க வேண்டாம்.

கட்டளை அனுப்புவதற்கு முன், சாதனத் தகவலில் கடைசி நிலை அறிக்கை வந்த நேரத்தைப் பாருங்கள். அது யு.டி.சி. (உலகப் பொது) நேரம், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். தோட்ட அலுவலக வைஃபையில் இருக்கும் டேப்களும் தாமதித்தால், தீச்சுவரில் (வலையமைப்பைக் காக்கும் 'ஃபயர்வால்') 5228 முதல் 5230 வரையான போர்ட்கள் (இணைப்பு வாயில்கள்) திறந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். கூகுளின் தள்ளு அறிவிப்புகள் பெரும்பாலும் அவற்றின் வழியாக வருகின்றன.

வினா கேட்டவர்

அண்ணாமார் இருவருக்கும் மிக்க நன்றி. ஆயுளை ஒரு மணித்தியாலமாக்கி அனுப்பினேன். கணக்கப்பிள்ளை மடுவத்துக்கு மேலே ரோட்டு வளைவில் ஏறி நின்றதும், சிக்னல் கிடைத்து டேப் மீளத் தொடங்கியது. 'டன்' புலமும் மாறியது. இன்னொரு சந்தேகம்: டேப் தொலைந்துபோனால் 'லொக்' (திரையைப் பூட்டும்) கட்டளைக்கு மிக நீண்ட ஆயுள் கொடுத்து அனுப்புவது போதுமா?

மறுமொழி (பண்டாரவளை)

அதற்குக் கட்டளையை நம்ப வேண்டாம், தம்பி. திரையைப் பூட்டினாலும் கடவுச்சொல் தெரிந்தவர் திறந்துவிடுவார். சாதனப் பதிவின் 'ஸ்டேட்' (நிலை) புலத்தை 'டிசேபிள்ட்' (முடக்கப்பட்டது) என மாற்றுங்கள். கட்டளையைப் போல அது 10 நிமிடத்தில் காலாவதியாவதில்லை. நீங்கள் கேட்டது 'ஸ்டேட்' புலத்திலும், டேபில் உண்மையாக நடைமுறைக்கு வந்தது 'அப்ளைட் ஸ்டேட்' புலத்திலும் தெரியும். இரண்டும் ஒன்றானால் டேப் முடக்கப்பட்டுவிட்டது. டேப் திரும்பக் கிடைத்ததும் அதே புலத்தை 'ஆக்டிவ்' என மாற்றினால் போதும்.