புதுப்பிப்பு: கவுன்ட் ஆர்க்யுமென்ட்டை எடுத்துவிட்டேன்

உரையில் ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் இடங்களைத் தேடி மாற்றும் பைத்தானின் ரீ.சப் (re.sub) மேல் நான் எழுதி வைத்திருக்கும் சின்ன ஃபங்ஷனில், எத்தனை பொருத்தங்களை மாற்ற வேண்டும் என்று சொல்லும் கவுன்ட் (count) என்ற விருப்ப ஆர்க்யுமென்ட் தேவையா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது அதை நீக்கியாயிற்று.

முதலில் அழைப்புகள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். கவுன்ட்டை வேண்டுமென்றே பயன்படுத்திய இடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓரிடத்தில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்று சொல்லும் இக்னோர்கேஸ் ஃபிளாக், பெயர் சொல்லாமல் நான்காவது ஆர்க்யுமென்ட்டாகப் போயிருந்தது. அது கவுன்ட்டுக்கு உரிய இடம். இக்னோர்கேஸின் எண் மதிப்பு 2. அதனால் முதல் இரண்டு பொருத்தங்கள் மட்டும் மாறும், மற்றவை அப்படியே நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் அப்படியே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் தனியாகப் பார்க்கச் சொல்லும் மல்ட்டிலைன் ஃபிளாக் என்றால் மதிப்பு 8, அதாவது முதல் எட்டு பொருத்தங்கள் மாறிவிடும். சிறிய டெஸ்ட்டில் அது கண்ணில் படவே வாய்ப்பில்லை. இந்த மாதிரி சத்தமில்லாத பிழைதான் எனக்கு மிகவும் கவலை தருவது.

பைத்தான் 3.13 முதல், கவுன்ட்டையும் ஃபிளாக்ஸையும் பெயர் இல்லாமல் கொடுத்தால் கைவிடல் எச்சரிக்கை (இந்த வழி பின்னாளில் நீக்கப்படும் என்ற அறிவிப்பு) வருகிறது. நல்ல முடிவு. எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றி டெஸ்ட்களை ஓட்டுங்கள், இல்லையென்றால் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

சரி, கவுன்ட் போனதும் ஃபிளாக்ஸ் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஃபங்ஷன் வரையறையில் ஃபிளாக்ஸுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பெயர் சொன்னால்தான் ஏற்கும்படி செய்துவிட்டேன். முதல் பொருத்தத்தை மட்டும் மாற்ற வேண்டியவர்கள் ரீ.சப்பையே நேரடியாக அழைக்கலாம்.