ஊசியை நிறுத்திய தம்பி படுக்கையை விட்டு எழுவதில்லை

ஹட்டன் அக்கா:
தம்பி உடம்பு ஏற்ற நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டான். அப்போதெல்லாம் சின்னப் பேச்சுக்கே லயத்துக் கதவை உதைப்பான். இப்போது நிறுத்திவிட்டான், கம்பளிக்குள் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான். "செத்தா நல்லம்" என்கிறான். அம்மா செய்வினை என்கிறார். என்ன செய்வது?

பண்டாரவளை தாதி:
செய்வினை இல்லை அக்கா. ஊசி ஏறும் காலத்தில் உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும். நிறுத்தினால் அது மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில்தான் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் புல்லு மருந்து (களைக்கொல்லி) இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். மனநல உதவி எண் 1926க்கும் பேசலாம்.

கொட்டகலை அண்ணன்:
தனியாக விடாதீங்க தங்கச்சி. ஊசிக் கதையை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்; சொன்னால்தான் ஹார்மோன் பரிசோதனை எழுதுவார்.