மாத்திரையை விட்டதால் வந்ததா, மூச்சில் வந்ததா? மருந்து கேட்காத டிபி பற்றி

கெடிலக்கரை:

என் தங்கைக்கு 26 வயது. கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி பக்கம் ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். போன மாதம் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்காது என்றும் அதே பரிசோதனை சொல்லிவிட்டது. முடிவு வாங்கப் போன இடத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தினே?" அவள் அதுவரை ஒரு டிபி மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கன்னியக்கோயில் தாண்டும்வரை துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் தைக்கும் கூடத்தில் 12 மெஷின். ஏசி போட்ட நாளிலிருந்து ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். பக்கத்து மெஷின் அக்கா ஆடியில் தொடங்கிய இருமலோடு தீபாவளி வரைக்கும் வேலைக்கு வந்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்தான் வைத்தியம்.

மருந்து கேட்காத டிபி என்றாலே நோயாளி செய்த தப்பு என்று பேசுவதை நிறுத்துங்கள். அந்தக் கிருமியே ஆளுக்கு ஆள் பரவுகிறது.

பழைய டாட்ஸ்காரர்:

அம்மா, உங்கள் தங்கையை அப்படிக் கேட்டது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் வந்து சேரும் முடிவு எனக்கு ஒப்பவில்லை.

பண்ருட்டி பக்கம் 29 வருடம் டிபி நோயாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அப்போது டாட்ஸ் முறை, அதாவது எங்கள் மேற்பார்வையில் மருந்து கொடுப்பது. நோயாளி பெயர் எழுதிய பெட்டியில் மருந்து வரும். முதல் இரண்டு மாதம் எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு வேளை எங்கள் முன்னால், மீதி வீட்டில். காலி அட்டையைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்த ஒருவர் அட்டையே கொண்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் மாட்டுக்கொட்டகைக் கீற்றில் அட்டை அட்டையாகச் செருகி வைத்திருக்கிறார், பிரிக்காமல். "இருமல் நின்னு போச்சு சார், பசியும் எடுக்குது, அப்புறம் எதுக்கு" என்றார். இப்படி எத்தனை வீடு!

2014 முதல் 2016 வரை நாடு முழுக்க எடுத்த மருந்தெதிர்ப்புக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுமே கேட்காத நிலை, அதாவது எம்.டி.ஆர்., புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம். ஏற்கெனவே மருந்து எடுத்தவர்களில் 11.62 சதவீதம். நாலு மடங்கு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? காற்றில் வந்தது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டால், அடுத்தவர் இரண்டாம் மாதமே மாத்திரையை மூட்டை கட்டிவிடுவார். அப்புறம், பக்கத்து மெஷின்காரருக்கு டிபி என்று யார் சொன்னது?

கோரிமேடு 24:

டிபி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிருமியின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பல பாக்டீரியாக்கள் மருந்தெதிர்ப்பைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். டிபி கிருமிக்கு அந்த வழி இல்லை. பெருகும்போது தன் மரபணுவை நகலெடுப்பதில் விழும் எழுத்துப்பிழைதான் அதற்கு ஒரே வழி. ஆர்பிஓபி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதியில் பிழை விழுந்தால் ரிஃபாம்பிசின் அதைப் பிடிக்க முடியாது. பத்து லட்சம் கிருமிகளில் ஒன்றுக்கு ஐசோனியசிட் கேட்காது, பத்துக் கோடியில் ஒன்றுக்கு ரிஃபாம்பிசின் கேட்காது என்பது பொதுவான மதிப்பு. நுரையீரலில் குழி விழுந்தவரிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதனால்தான் எப்போதும் கூட்டு மருந்து. அரைகுறையாகப் போட்டால் பிழை விழுந்த கிருமி மட்டும் தப்பிப் பெருகும். இதுவரை ஐயா சொல்வது சரி.

ஆனால் அப்படித் தப்பிய கிருமி இருமலில் வெளியே வந்து இன்னொருவர் நுரையீரலில் இறங்கினால்? அவருக்கு முதல் நாளே ரிஃபாம்பிசின் கேட்காது. அவர் எதையும் நிறுத்தியிருக்கத் தேவையில்லை.

அந்தச் சதவீதத்தையும் ஆள்கணக்காக மாற்றிப் பாருங்கள் ஐயா. 1,000 நோயாளிகளில் 800 பேர் புதியவர், 200 பேர் பழையவர் என்று வைத்துக்கொள்வோம். 800-ல் 2.84 சதவீதம் சுமார் 23 பேர். 200-ல் 11.62 சதவீதம், அதுவும் சுமார் 23 பேர். சரிக்குச் சரி. அந்தப் பழைய நோயாளிகளிலும் சிலருக்கு முதல் தடவையே எதிர்ப்புக் கிருமிதான் தொற்றியிருக்கும். கேட்காத மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, "ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்" என்ற பட்டியலில் அவரைச் சேர்த்திருப்போம்.

சிப்காட் வாசி:

நேராகச் சொல்லுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வரும் தொழிலாளர்கள்தானே இந்தப் புதுக் கிருமியைக் கொண்டு வருகிறார்கள்? சிப்காட் பக்கம் ஓர் அறையில் எட்டு பேர் படுக்கிறார்கள்.

கோரிமேடு 24:

ஓர் அறையில் எட்டு பேர் என்பதுதான் அதில் விஷயம், எந்த ஊர் என்பது இல்லை.

டிபி கிருமியில் பல வம்சங்கள் உண்டு. தமிழ்நாட்டில் மிகுதியாக இருப்பது முதல் வம்சம், இந்தியப் பெருங்கடல் கரைகளைச் சுற்றி நெடுங்காலமாக இருப்பது. வட இந்தியாவில் மூன்றாம் வம்சம் அதிகம். மருந்தெதிர்ப்போடு உலகமெங்கும் அதிகம் சேர்த்துப் பேசப்படுவது இரண்டாம் வம்சம், பெய்ஜிங் வகை. ஆனால் எந்த வம்சத்துக்கும் அந்த எழுத்துப்பிழை விழும், நம் ஊர் முதல் வம்சத்துக்கும் சேர்த்துத்தான். அந்த எட்டு பேரில் ஒருவருக்கு இருமல் வந்தால் வேலை போய்விடுமோ என்று மறைப்பார். மீதி ஏழு பேர் அதே காற்றைத்தான் ராத்திரி முழுக்க இழுப்பார்கள்.

பழைய டாட்ஸ்காரர்:

தம்பி, கணக்கு போட்டுக் காட்டினாய், சரி. ஆளிடமிருந்து ஆளுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர் யார்? 90-களிலேயே கிருமிக்குக் கைரேகை எடுக்கிறோம் என்றார்கள். நம் பக்கத்தில் ஒன்றும் தேறவில்லையே?

கோரிமேடு 24:

நல்ல கேள்வி ஐயா. அந்தக் கைரேகை, ஐ.எஸ். 6110 என்ற துண்டு மரபணுவில் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. மற்ற நாடுகளில் ஒரு கிருமிக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுகூட இருக்கும், பிரித்துப் பார்க்கலாம். நம் தென்னிந்தியக் கிருமிகளில் பலவற்றில் ஒரே ஒரு துண்டுதான், சிலவற்றில் அதுவும் இல்லை. ரேகையே இல்லாத விரலை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

இப்போது மரபணு முழுவதையும் படிக்கிறார்கள். மொத்தம் 44 லட்சம் எழுத்து. சராசரியாக இரண்டு வருடத்துக்கு ஓர் எழுத்துதான் மாறும், அவ்வளவு மெதுவான கிருமி. இரண்டு பேரின் கிருமிக்கும் இடையே 5 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்தில் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். 12-க்கு மேல் போனால் நேரடித் தொடர்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை எழுத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு வீட்டையும் வேலையிடத்தையும் விசாரிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டாலில் இதை விசாரித்து 2017-ல் வெளியிட்டார்கள். எம்.டி.ஆரையும் தாண்டிய எக்ஸ்.டி.ஆர். நோயாளிகள் 404 பேர். அவர்களில் 69 சதவீதம் பேர் அதற்குமுன் எம்.டி.ஆருக்கு மருந்தே எடுத்ததில்லை. வந்தது அப்படியே தொற்றி வந்தது.

முத்தியால்பேட்டை:

எழுத்து எண்ணுவதற்குச் செலவு செய்யும் பணத்தைச் சோற்றுக்குச் செலவு செய்யலாமே. ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வந்த முடிவு. அரசு இப்போது நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, வீட்டாருக்கு?

கெடிலக்கரை:

முத்தியால்பேட்டை சொல்வது எனக்கும் சரிதான். ஆனால் சோறு போட்டாலும் அந்த ஜன்னல் அடைத்துத்தானே கிடக்கிறது?

பெரியவர் கேட்டதற்குப் பதில்: அந்த அக்காவைத் தேடிப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். டிபிதான். அவருக்கும் ரிஃபாம்பிசின் கேட்கவில்லை.

கோரிமேடு 24:

எழுத்து முழுவதும் படிக்காமல் அதே கிருமி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

பெரியவருக்கு ஒன்று. 1959-ல் மெட்ராஸ் ஆய்வு வந்தது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் சேர்த்தாலும் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று காட்டியது. மருந்து சரியாகக் கேட்டால் தொற்று சீக்கிரம் அடங்கிவிடும் என்பதுதான் காரணம். எதிர்ப்புக் கிருமி உள்ளவருக்கு வழக்கமான மருந்தையே கொடுத்தால்? அவர் ஒரு வேளை விடாமல் விழுங்கிக்கொண்டே வீட்டாருக்குப் பரப்புவார். ஏற்கெனவே மருந்து எடுத்தவர்களுக்கு அப்போது கொடுத்த இரண்டாம் வகைச் சிகிச்சையில் தோற்றுப்போன அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றை மட்டும் சேர்த்தோம். அந்த ஒன்றுக்கும் எதிர்ப்பு வர நாமே வழி செய்தோம். அது நோயாளி செய்த தப்பா?

பழைய டாட்ஸ்காரர்:

இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீற்றில் மாத்திரை செருகி வைத்தவரைப் பற்றி எழுதினேன் அல்லவா. அவருக்கு அப்புறம் அந்த இரண்டாம் வகைப் பெட்டிதான் கொடுத்தோம். கேட்கவில்லை, இறந்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து அவர் மனைவி இருமலோடு வந்தார். அவருக்கு அதுதான் முதல் தடவை, அதனால் புதியவர்களுக்கான பெட்டியில் அவர் பெயரை எழுதினேன், என் கையால். அந்த அம்மா ஒரு வேளை தவறவில்லை. காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வருவார். ஐந்தாம் மாதமும் சளியில் கிருமி இருந்தது. "ஒழுங்காப் போடலியா?" என்று நானும் கேட்டேன்.

மாத்திரையை விடாதே என்று இன்றும் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த அம்மாவை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

கெடிலக்கரை:

ஐயா, தங்கைக்கு 6 மாதக் கூட்டு மருந்து தொடங்கிவிட்டார்கள், பெடாகுவிலின் சேர்ந்தது. நேற்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்தக் கூடத்தில் மீதி 10 பேர். 4 பேர்தான் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு நான் போனால் கதவைத் திறக்கவே யோசிக்கிறார்கள். உங்களுக்கு இப்படிப் போய்ப் பேசிப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா?

பழைய டாட்ஸ்காரர்:

வருகிறேன் அம்மா. 9 மணிக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் நிற்பேன். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு எதுவென்று மட்டும் விசாரித்து வையுங்கள், முதலில் அங்கே போவோம்.