பவானியில் அரை நாள்: காலிங்கராயன் வாய்க்காலை எங்கே பார்க்கலாம்?

திருப்பூர்க்காரி:
வைகாசி அமாவாசைக்கு அம்மாவுடன் பவானி கூடுதுறை வருகிறோம். திதி கொடுத்து முடித்தபின் மத்தியானம் வரை நேரம் இருக்கிறது. காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஏழாவது படிக்கும் மகன் நச்சரிக்கிறான். வாய்க்கால் தொடங்கும் அணைக்கட்டு, கூடுதுறைக் கோயிலில் இருந்து தூரமா? பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்குமா?

பவானி_ஜமக்காளம்:
பக்கம்தான். பவானி ஆற்றுப் பாலம் தாண்டினால் காலிங்கராயன்பாளையம். அணைக்கட்டும், வாய்க்காலை வெட்டிய காலிங்கராயனின் மணிமண்டபமும் அங்கேயே இருக்கின்றன. சங்கமேஸ்வரர் கோயிலில் கலெக்டர் வில்லியம் காரோ 1804-ல் கொடுத்த தந்தக் கட்டில் பற்றியும் பையனுக்குச் சொல்லுங்கள்.

மஞ்சக்காட்டுக்காரர்:
எங்கள் காடு ஊஞ்சலூர்ப் பக்கம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அணைக்கட்டோடு திரும்பிவிடாதீர்கள் அம்மிணி, அது வெறும் தலைமடை, வாய்க்காலுக்குள் தண்ணீர் பிரியும் இடம். வாய்க்காலின் சூட்சுமம் அதன் வளைவில்தான் இருக்கிறது. பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வர ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வாய்க்காலோ 90 கிலோமீட்டர் சுற்றி அந்தப் பக்கம் நொய்யல் ஆற்றுக்குப் போகிறது. வேலை தெரியாமல் வெட்டியதில்லை. நிலம் மேற்கிலிருந்து காவிரிப் பக்கம் சரிகிறது. வாய்க்கால் ஆற்றை ஒட்டியே வந்தாலும் அதைவிட மேட்டிலேயே நிற்கவேண்டும். சட்டென்று இறங்கிவிட்டால் கடைமடைக்குப் பாயாது. அதனால்தான் மேட்டைக் கண்டால் ஒதுங்கி, பள்ளத்தைக் கண்டால் வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பாம்பு முன்னே போய் வழி காட்டியது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். எனக்கென்னவோ மட்டம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதான் படுகிறது.

13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, இன்றைக்கும் 15,743 ஏக்கருக்குப் பாய்கிறது. மஞ்சள், கரும்பு, வாழை, நெல் எல்லாம் இந்தத் தண்ணீர்தான். ஈரோட்டுக்குள் வாய்க்காலைப் பார்த்து மனசு கெட்டுப்போகாதீர்கள், சாயக்கழிவும் சாக்கடையும் படுத்திய பாடு அது. கரூர் ரோட்டைப் பிடித்துப் பாசூர் தாண்டி வாருங்கள். இடது பக்கம் காவிரி, வலது பக்கம் வாய்க்கால், நடுவில் வயல்.

அப்புறம் முக்கியமான விஷயம். கோடையில் பராமரிப்புக்குத் தண்ணீரை நிறுத்துவார்கள், பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் திறப்பார்கள். வைகாசியில் வந்தால் பையன் சேற்றைத்தான் பார்ப்பான்.

திருப்பூர்க்காரி:
அப்படியானால் ஆடி அமாவாசைக்கு வரலாமுங்களா?

பவானி_ஜமக்காளம்:
வேண்டாம்! அன்றைக்குக் கூடுதுறையில் கால் வைக்க இடமிருக்காது. வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிரமம்.

மஞ்சக்காட்டுக்காரர்:
வைகாசியில் திதியை முடித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வாருங்கள். மஞ்சள் முழங்கால் உயரம் நிற்கும். காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கரைமேல் நடந்து வரலாம். அணைக்கட்டுப் பக்கம் மட்டும் பையனைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

திருப்பூர்க்காரி:
சரிங்ணா, ஆவணியே வைத்துக்கொள்கிறோம். இவனிடம் சொல்லிவிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.