தார் ஏஎக்ஸ், 245/75 ஆர்16: மலையடிவாரத்துக்கும் பெங்களூர் ரோட்டுக்கும் சேர்த்து எந்த டயர்?

கொல்லைமேடு:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2021 மாடல் மஹிந்திரா தார், டீசல், 4x4, ஏஎக்ஸ் ஆப்ஷனல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 16 இஞ்ச் இரும்பு டிஸ்க். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. பின்னால் பட்டன் (தரையில் படுகிற ரப்பர் கட்டைகள்) இன்னும் இருக்கிறது, ஆனால் சைடில் பொடிப்பொடியாக வெடிப்பு விட்டிருக்கிறது. ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

வீடு ஒடுகத்தூர், வேலை காட்பாடியில். தினமும் அணைக்கட்டு வழியாகப் போய் வருகிறேன், ரோட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூருக்கும் அவ்வப்போது போக வேண்டியிருக்கும். சிக்கல் எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில்தான். மலையடிவாரத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறோம். கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் வண்டிப்பாதை, பாறைமேல் செம்மண் மூடின மாதிரி இருக்கும். நடுவில் உத்திரகாவிரிக்குப் போகிற ஒரு கானாறு குறுக்கே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கானாற்றைத் தாண்டி மேலேறும்போது 4எச் (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டிருந்தாலும் வண்டியின் பின்பக்கம் ஒதுங்குகிறது. வழி நெடுக வேலிகாத்தான் முள் வேறு.

கூட்டாளி ஒருவன் எம்/டி (சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர்) போடு, மலைக்கு அதுதான் என்கிறான். மச்சான் ஹெச்/டி (ரோட்டுக்கான ஹைவே டயர்) போதும், வெட்டியாகக் காசைக் கொட்டாதே என்கிறார். கடைக்காரர் இன்னும் பெரிய சைஸ், 265/75 போட்டால் வண்டி நன்றாகத் தெரியும் என்கிறார். மூன்று பேர் சொல்வதையும் கேட்டுக் குழம்பிப்போய் இங்கே வந்திருக்கிறேன்.

ஏலகிரி ஜிம்னி:

நான் ஓட்டுவது ஜிம்னி, 195/80 ஆர்15, உங்கள் சைஸ் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஹெச்/டியிலிருந்து ஏ/டிக்கு (ரோடு, மண் இரண்டுக்குமான ஆல் டெரெய்ன் டயர்) மாறினேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, மேலே மண் பாதையில் நன்றாகவே தெரிந்தது. 80க்கு மேல் ஒரு ரீங்காரம் வரும், பாட்டுப் போட்டால் போயிற்று. காசு பிரச்சினை இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிஎஃப் குட்ரிச் கேஓ2 போடுங்கள் ப்ரோ.

பள்ளிகொண்டா அலைன்மென்ட்:

கண்ணை மூடிக்கொண்டு டயர் வாங்க வேண்டாம் தம்பி. ஹைவே ஓரத்தில் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன், கழற்றி மாட்டுவதுதான் பிழைப்பு. நான் டயர் விற்பதில்லை, அதனால் எந்தக் கம்பெனிக்காகவும் பேசவில்லை.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன முன் டயரின் உள்பக்கத் தேய்மானம்தான் உங்கள் கேள்வியிலேயே எனக்கு முதலில் கண்ணில் பட்டது. உள்ளங்கையை டயர்மேல் வைத்து, உள்ளேயிருந்து வெளியேயும் வெளியேயிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது அரம் மாதிரிக் கையைப் பிடிக்கவும் செய்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம்) தவறி இருக்கிறது. பிடிக்காமல் உள்பக்கம் மட்டும் சீராக இறங்கியிருந்தால் கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிற கோணம்) பார்க்க வேண்டும். 2020க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ ஆட்டம் கண்டிருந்தால், மெஷினில் எத்தனை தடவை அலைன்மென்ட் வைத்தாலும் நிற்காது. முதலில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து டயர் போட்டாலும் இதே மாதிரி உள்பக்கமாக வழித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து எம்/டி. உங்கள் கூட்டாளி சொல்வது எங்கே சரி என்றால், நஞ்சைச் சேற்றிலும் ஏரி வண்டலிலும். அங்கே பெரிய பட்டன், அகலமான இடைவெளி எல்லாம் வேண்டும், சேறு சிக்காமல் வெளியே தெறிக்க. உங்கள் பாதை அப்படி இல்லை. அடியில் பாறை, அதன்மேல் விரலளவு செம்மண். மழையில் வழுக்குவது அந்த மேல் மண்தான். அங்கே பிடிப்பது டயர் வளைந்து பாறையோடு ஒட்டி உட்காருவதும், பட்டனில் குறுக்கே கீறியிருக்கிற மெல்லிய வெட்டுகளும். எம்/டியில் அந்த வெட்டுகள் குறைவு. ரோட்டில் படுகிற ரப்பரும் குறைவு. மழை நாளில் பெங்களூர் ரோட்டில் மாதனூர் தாண்டி ஒரு லாரி திடீரென்று பிரேக் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அப்போது வேண்டியது ரப்பர்தான். தினமும் காட்பாடி ஓட்டமும் அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்தால் எம்/டி சீக்கிரம் இறங்கிவிடும், இரைச்சல் தனி.

மச்சான் சொல்கிற ஹெச்/டி ரோட்டுக்கு நல்ல டயர், மறுக்கவில்லை. கொல்லை இல்லாவிட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பாறை விளிம்பில் உரசினால் அதன் சைடு தாங்காது. சைடு கிழிந்தால் ஒட்டுப் போடக் கூடாது, எந்த பஞ்சர் கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்றாலும் சரி. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆகவே ஏ/டி. அதிலும் இரண்டு வகை இருக்கிறது, கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். சைஸுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருந்தால் அது பாரம் ஏற்றுகிற வண்டிக்கான கட்டுமானம். ஜிம்னிக்காரர் சொன்ன கேஓ2 உங்கள் சைஸில் எல்டியாகத்தான் வருகிறது, லோடு எண் 120, அதாவது ஒரு டயர் 1400 கிலோ தாங்கும். சைடில் மூன்று அடுக்கு, கெட்டியான டயர். ஆனால் ஆளும் சரக்கும் இல்லாமல் உங்கள் தாரின் எடை இரண்டு டன்னுக்குள். லோடு எண் 111 போட்ட சாதாரண ஏ/டியே டயருக்கு 1090 கிலோ தாங்கும். எல்டி போட்டால் எடையும் கூடும், ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும், கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கிற காற்றளவும் அப்படியே பொருந்தாது. வாரம் தவறாமல் கல்லும் முள்ளுமான காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது நியாயம். உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015-ல் எல்டி இல்லாத ரகம் பல சைஸ்களில் வருகிறது. அப்போலோ ஆப்டெரா ஏடி2, சியட் கிராஸ்டிரைவ் ஏடி, எம்ஆர்எஃப் வாண்டரர் என்று நம் ஊர்க் கம்பெனிகளிலும் பாருங்கள். உங்கள் சைஸில் ஐந்தும் ஒரே தேதியில் எதில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், அதனால் வெளிநாட்டுச் சரக்கில் சில சைஸ் கிடைப்பதே பெரும்பாடு. (அரக்கோணம் இச்சிபுத்தூரில் எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறதே, இங்கே விலை குறையாதா என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். குறையாது சாமி.)

தேதி என்றேனே, டயர் சைடில் டிஓடி என்று ஆரம்பிக்கிற எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் வருஷம் 35ஆவது வாரம். பல டயரில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். பழைய ஸ்டாக் தள்ளுகிறவர்கள் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிடுவார்கள். டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்னால் ஐந்தையும் உருட்டிப் பார்த்துவிடுங்கள், மாட்டின பிறகு மொபைல் லைட்டை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். அப்புறம், 2025 செப்டம்பர் 22லிருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

265/75 வேண்டவே வேண்டாம். கணக்குப் பாருங்கள்: 245/75 டயரின் உயரம் 774 மில்லிமீட்டர், 265/75 என்றால் 804. முப்பது மில்லிமீட்டர் கூடினாலும் அச்சு ஏறுவது பதினைந்துதான். அதற்குப் பதிலாக மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 104ல் போவீர்கள், ஸ்டியரிங் முழுதாக ஒடித்தால் உள்ளே உரசலாம், பின் கதவில் தொங்குகிற ஸ்டெப்னியின் எடையும் கூடும். ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேட்க நீங்களே இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

மலைச்சரக்கு:

நான் மலைமேல் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கம் சரக்கு ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறேன். 4x4 எல்லாம் இல்லை. முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைக்கு இப்போது ரோடு வந்துவிட்டது, முன்பு மண் பாதையிலும் சாதா டயரில்தான் ஏறினோம். கானாற்றில் இறங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள் சார். நேற்று மழை பெய்திருந்தால் கல் இடம் மாறியிருக்கும். மேலேறும்போது ஒரே சீராக ஆக்சிலேட்டர் கொடுங்கள், சக்கரம் சுற்றினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். பாதிப் பேர் அங்கேதான் இன்னும் மிதிப்பார்கள், சக்கரம் குழி தோண்டிக்கொள்ளும்.

வேலிகாத்தான் முள்ளுக்கு எந்த டயரும் விதிவிலக்கில்லை. ஏ/டியில் பட்டன் தடிமன், அங்கே குத்தினால் தப்பிக்கும். பட்டனுக்கு நடுவே குத்தினால் உள்ளே போய்விடும். முள் முறிந்து உள்ளேயே நின்றால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், மறுநாள் காலையில்தான் தெரியும்.

கொல்லைமேடு:

ரொம்ப நன்றி அண்ணா, ரொம்ப நன்றி சார். கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், நன்றாகவே பிடிக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். பின் டயர் இரண்டில் பட்டன் இருக்கிறதே, முன்னால் மட்டும் இப்போது மாற்றிவிட்டுப் பின்னால் பொங்கலுக்கு மாற்றலாமா? கானாற்றில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு? முள்ளுக்கு டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் போடலாமா?

பள்ளிகொண்டா அலைன்மென்ட்:

மூன்று கேட்டுவிட்டு இரண்டு என்கிறீர்கள், சரி.

முன்னால் மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் வண்டியில் 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் வேக வித்தியாசம் விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்றால் சுற்றளவு வேறு வேறு. மண்ணில் வழுக்கிச் சமாளித்துவிடும், பிடிப்புள்ள தரையில் கியர் பெட்டியும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் 4எச் போடக் கூடாது என்பதும் இதனால்தான். தவிர, சைடில் வெடிப்பு விட்ட டயரில் பட்டன் இருந்து என்ன பயன்? ஐந்தையும் ஒன்றாகப் போட்டு, ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

காற்றுதான் உங்கள் கானாற்றுக்கு உண்மையான மருந்து, டயர் இரண்டாவது. ஸ்டிக்கர் அளவிலிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் அதிகமாகத் தரையில் படும், பாறைமேல் மடிந்து உட்காரும். 15க்குக் கீழே போக வேண்டாம், டயர் ரிம்மை விட்டு விலகிவிடும். காற்று குறைந்தால் சைடு வெளியே பிதுங்கும், கூரான கல் ஓரத்தில் கவனம். முப்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள். ரோடு ஏறுவதற்கு முன்னால் மறுபடி நிரப்ப வேண்டும், சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் போதும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற ரகமாக வாங்குங்கள், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃப்யூஸ் போகலாம். அளவு பார்ப்பது காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால். மே மாத மதியத்தில் அளந்து, கூடிவிட்டது என்று காற்றைப் பிடுங்குகிறவர்கள் நிறைய. ஐந்தாறு டிகிரி சூடு கூடினால் ஒரு பிஎஸ்ஐ தானாகவே ஏறும், இரவில் இறங்கிவிடும்.

சீலன்ட் கொல்லைக்கு மட்டும் போகிற வண்டி என்றால் பரவாயில்லை. பெங்களூர் வேகத்துக்கு பேலன்சிங் ஆடும், பஞ்சர் போடும்போது உள்ளே எல்லாம் வழவழ. அதற்குப் பதில் ஓட்டையில் திரி சொருகி அடைக்கிற திரி கிட் ஒன்று வண்டியில் வையுங்கள், ஊருக்கு வந்து உள்பக்கம் பேட்ச் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கடைக்குப் போனாலும் ஸ்டெப்னிக்கு லாக் நட் போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் அதன் சாவி பெரும்பாலும் பழைய ஓனர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.