தீவு மைக்ரோகிரிட்: வாட் சமமாகப் பிரிகிறது, வார் பிரியவில்லையே?

கம்பிச்சுருள்:
கிரிட் இணைப்பில்லாமல் தனித்து ஓடும் ஒரு சிறு மின்வலையை (தீவு மைக்ரோகிரிட்) சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் போட்டிருக்கிறேன். 10 கேவிஏ இன்வர்ட்டர் இரண்டு, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லோடுக்கு ஒன்றிலிருந்து 30 மீட்டர் கேபிள், மற்றதிலிருந்து 300 மீட்டர். கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் 0.64 ஓம், ரியாக்டன்ஸ் 0.083 ஓம். ஃபில்டர் 1.35 மில்லிஹென்றி, 50 மைக்ரோஃபாரட், அதற்கு வெளியே 0.35 மில்லிஹென்றி. பங்கு பிரிக்க ட்ரூப், அதாவது லோடு ஏற ஏற இன்வர்ட்டர் தன் ஃப்ரீக்வென்சியையும் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்கும் முறை. அதன் சரிவு 10 கிலோவாட்டுக்கு 0.5 ஹெர்ட்ஸ், 10 கிலோவாருக்கு (வார் என்பது ரியாக்டிவ் பவரின் அலகு) ஃபேஸ் வோல்டேஜில் 2.3 வோல்ட்.

8 கிலோவாட், 3 கிலோவார் லோடு கொடுத்தால் வாட் நாலுக்கு நாலாகப் பிரிகிறது. வார் மட்டும் பக்கத்து இன்வர்ட்டரில் 2.8, தூரத்தில் 0.2. எங்கே தப்பு? இன்னொன்று, ஒரு விநாடி ஓட்டவே ஏகப்பட்ட நேரம் பிடிக்கிறது.

ஓம்விதி:
தப்பு எதுவும் இல்லை, மாடல் உண்மையைத்தான் சொல்கிறது. நிலைத்து ஓடும்போது ஃப்ரீக்வென்சி எல்லா இடத்திலும் ஒன்றே. அதனால் கேபிள் எப்படி இருந்தாலும் வாட் சமமாகும். வோல்டேஜ் அப்படியல்ல, இடத்துக்கு இடம் மாறும். 4 கிலோவாட்டுக்கு நீளக் கேபிளில் சுமார் 1.1 வோல்ட் விழுகிறது, குட்டைக் கேபிளில் 0.1. உங்கள் சரிவில் ஒரு வோல்ட் என்பது 4.3 கிலோவார்! வெளிச்சுருள் 0.35 மில்லிஹென்றி இருப்பதால்தான் வித்தியாசம் 2.6-இல் நின்றது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், தூரத்து இன்வர்ட்டர் வாரை உள்ளே இழுக்கும்.

விர்ச்சுவல் இம்பீடன்ஸ் போடுங்கள், அதாவது நிஜச் சுருள் வைக்காமல், சுருள் இருந்தால் விழும் வோல்டேஜைக் கண்ட்ரோலிலேயே கழியுங்கள். உங்கள் பேஸ் இம்பீடன்ஸ் (415 வோல்ட்டின் வர்க்கத்தை 10 கேவிஏ-ஆல் வகுத்தது) 17.2 ஓம். அதில் 5 சதவீதம், அதாவது 0.86 ஓம் (2.7 மில்லிஹென்றி) வைத்தால் பங்கு 1.8, 1.2 பக்கம் வரும். கரண்ட்டை டிஃபரன்ஷியேட் செய்து போடாதீர்கள், நாய்ஸ் பெருத்துவிடும். மூன்று ஃபேஸையும் கூடவே சுழலும் டி, கியூ என்ற இரண்டு அச்சுகளாக மாற்றியிருப்பீர்கள். அதில் டி அச்சு வோல்டேஜ் ரெஃபரன்ஸில் கியூ கரண்ட் பெருக்கல் 0.86-ஐக் கூட்டுங்கள், கியூ அச்சில் டி கரண்ட் பெருக்கல் 0.86-ஐக் கழியுங்கள். குறி மாறினால் நெகட்டிவ் இண்டக்டன்ஸ் ஆகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மின்தறி:
கேபிளில் ரெசிஸ்டன்ஸ் ரியாக்டன்ஸைப் போல ஏழெட்டு மடங்கு. பேசாமல் ட்ரூப்பையே புரட்டிப் போட்டு வாட்டை வோல்டேஜோடும் வாரை ஃப்ரீக்வென்சியோடும் கட்டினால் என்ன?

ஓம்விதி:
செய்யலாம் சார், ஆனால் வோல்டேஜைச் சார்ந்த பங்கு எதுவானாலும் கேபிள் அதைக் கெடுக்கும். வார் சமமாகி வாட் கோணும். நாளைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரைச் சேர்த்தால் அதன் கவர்னரோடும் (எஞ்சின் வேகக் கட்டுப்பாடு) ஒத்துப்போகாது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

சரிவுக்கோடு:
விர்ச்சுவல் ரியாக்டன்ஸுக்கும் விலை உண்டு. முழு 10 கிலோவாரில் அது மட்டுமே சுமார் 12 வோல்ட் தின்னும். அதை மீட்க செகண்டரி கண்ட்ரோல் வேண்டும், அதாவது ட்ரூப்புக்கு மேலே நின்று வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் மெதுவாகப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அடுக்கு. லோடு இருக்கும் பொது பஸ்ஸில் (இரண்டு கேபிளும் சேரும் இடம்) அளந்து, ஒரே பிஐ கண்ட்ரோலரின் (பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும், அதாவது இன்டெக்ரலையும், வைத்துத் திருத்துவது) திருத்தத்தை இரண்டுக்கும் அனுப்புங்கள். ஆளுக்கொரு இன்டெக்ரேட்டர் வேண்டாம். இரண்டு இன்வர்ட்டரின் கடிகாரக் கிரிஸ்டல்களில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வித்தியாசம் என்றால் 0.001 ஹெர்ட்ஸ். ட்ரூப்பில் அது வெறும் 20 வாட், இன்டெக்ரேட்டரில் சேர்ந்துகொண்டே போகும்.

சிமுலேஷன் வேகம் குறைவதற்குக் காரணம் ஒவ்வொரு ஸ்விட்ச் அசைவையும் கணக்கிடும் ஸ்விட்சிங் மாடலாகத்தான் இருக்கும். 8 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங்குக்கு ஒரு மைக்ரோவிநாடி ஸ்டெப் கேட்கும். ட்ரூப்பைப் பார்க்க, ஸ்விட்ச் அசைவுகளின் சராசரியை மட்டும் எடுக்கும் ஆவரேஜ் மாடலும் 50 மைக்ரோவிநாடியும் போதும். அளந்த வாட், வாரை ட்ரூப்புக்குக் கொடுக்கும் முன் மிருதுவாக்கும் பவர் ஃபில்டரின் கட்-ஆஃப் 5 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதை இன்னும் தாழ்த்தினாலோ ஃப்ரீக்வென்சி சரிவை ஏற்றினாலோ இரண்டு இன்வர்ட்டரும் ஒன்றையொன்று தள்ளி ஆடும்.

கம்பிச்சுருள்:
குறியைச் சரிபார்த்துப் போட்டேன். 1.82, 1.18 வருகிறது. அடுத்து செகண்டரி.